பிரிரியின் கடைசி பாட்டில்

விற்பனை தொடங்கிய மூன்றாவது வாரத்துத் திங்கட்கிழமை காலை. கசாகிரி பானக் கம்பெனியின் கூட்ட அறையில் முதலாளி தொகோரோ விற்பனை வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பேசவேண்டிய தேவையும் இருக்கவில்லை. கோடு முதல் இரண்டு நாட்களில் விறுவிறுவென்று மலையேறியிருந்தது. அதன்பின் பாய் விரித்ததுபோலப் படுத்துவிட்டது.

"நிஷிவாகி சான், எழுதினவங்க எல்லாரும் வாங்குவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் கடைசியில்.

"நான்தான் சொன்னேன், முதலாளி."

"வாங்கினாங்க, இல்லைங்கல. ரெண்டு நாள் வாங்கினாங்க. ஒன்பது வருஷம் அழுத பிள்ளை ரெண்டு வாய் குடிச்சிட்டுத் தூங்கிடுச்சு."

நிஷிவாகி ஃபுமியே தலையைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்கு நாற்பத்தாறு வயது. அதில் பத்தொன்பது ஆண்டுகளை அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் குறைகேட்பு அறையில் கழித்திருந்தார். அறை என்று சொன்னாலும், ஒரு மேசையும் இரண்டு தொலைபேசிகளும் ஒரு சன்னலும் கொண்ட சிறிய இடம்தான் அது. பிரிரி என்ற மஞ்சள் நிறச் சோடாவைக் கம்பெனி ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியபோது வந்த கடிதங்கள் யாவும் அந்த மேசைக்குத்தான் வந்தன. கோடை ஆரஞ்சின் தோலைச் சேர்த்துச் செய்யும் பானம் அது. முதல் வாயில் கசக்கும், இரண்டாம் வாயில் நாக்கைச் சுரீரென்று கடிக்கும், மூன்றாம் வாயில் பழகிவிடும். கம்பெனி இருக்கும் சகாய் நகரத்தார் பொதுக்குளியல் முடித்து வெளியே வரும்போதும் பேஸ்பால் ஆடிக் களைத்தபோதும் அதைத்தான் குடித்து வளர்ந்தார்கள். கடிதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஃபுமியே தம் கைப்பட வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினார். அனுப்பிய பதில்கள் மூவாயிரத்தைத் தாண்டின.

பிறகு ஊரில் சலவைக்கடை நடத்தும் உவேமாட்சு கன்ஜி என்பவர் பிரிரி மீட்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் இருபத்தோராயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அப்போதும் முதலாளி தயங்கினார். "கையெழுத்து போடுற கை வேற, பை தூக்குற கை வேற" என்பது அவர் கட்சி. "இவர்கள் வாங்குவார்கள்" என்று ஃபுமியே வாக்குக் கொடுத்த பிறகுதான் இசைந்தார். மாசுனோ மார்க்கெட் என்ற கடைத்தொடர் தன்னுடைய அறுபத்திரண்டு கிளைகளிலும் நான்கு வாரம் சோதனையாக வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. கிளைகள் அடுத்தடுத்த பெட்டிகளைக் கேட்டால் பிரிரிக்கு நிரந்தர இடம் கிடைக்கும். கேட்காவிட்டால் அதே தட்டு வேறொரு பானத்துக்குப் போகும், பிரிரியை நிரப்பும் இயந்திரம் டின் காப்பி ஒப்பந்தத்துக்குப் போகும். ஒருமுறை திரும்பி வந்து தோற்ற பானத்தை இரண்டாம் முறை யாரும் கொண்டுவருவதில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஃபுமியேவுக்கும் தெரியும்.

இரண்டு வாரம் முடிந்திருந்தது. அறுபத்திரண்டு கிளைகளில் நான்கு மட்டுமே இரண்டாவது பெட்டியைக் கேட்டிருந்தன.

"இன்னும் பதினாலு நாள் இருக்கு" என்று மெல்லச் சொன்னார் ஃபுமியே.

"இருக்கு. அதுக்குள்ள ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க" என்று முதலாளி வரைபடத்தைச் சுருட்டினார்.

அன்று பிற்பகலே ஃபுமியே விற்பனைப் பிரிவின் இகுச்சியுடன் கம்பெனி வண்டியில் கடைகளைப் பார்க்கப் புறப்பட்டார். மழைக்காலம் தொடங்கியிருந்தது. இகுச்சிக்கு முப்பத்து மூன்று வயது. வாயை வாடகைக்கு எடுத்தவர்போல, வாடகை வீணாகக் கூடாதே என்று ஓயாமல் பேசுபவர்.

முதல் கடையில் குளிர்பானத் தட்டில் பிரிரி ஒரு பாட்டில் இருந்தது. இரண்டாவது கடையிலும் ஒன்று. மூன்றாவதிலும் ஒன்று. நான்காவது கடையில் இகுச்சி இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

"அக்கா, நாலு கடை, நாலு பாட்டில். இது சோடாவா, ஜிசோ சாமியா? தெரு முனைக்கு ஒண்ணு நிக்குதே."

"கேலி செய்யாதீங்க, இகுச்சி சான்."

"கேலி இல்லக்கா. மாலை போடணும்போல இருக்கு."

அவர்கள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் வந்தார். அவர் கூடையிலிருந்து வெங்காயத்தாள் தலை நீட்டிக்கொண்டிருந்தது. பிரிரி பாட்டிலைக் கையில் எடுத்தார், அதன்மேல் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தார், பெயர் வெளியே தெரியும்படி திருப்பி எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார். பிறகு பார்லி தேநீர் ஒன்றை எடுத்துக்கொண்டு நகரப்போனார். ஃபுமியே முன்னே சென்று வணங்கினார்.

"மன்னிக்கணும். நான் இந்தச் சோடா கம்பெனியில வேலை பார்க்கறேன். உங்களுக்கு இது பிடிக்கலைங்களா?"

"ஐயையோ, பிடிக்காமலா! வந்த அன்னிக்கே ஒண்ணு வாங்கிட்டேனே. நானும் வீட்டுக்காரரும் அரை அரைக் கிளாஸ் குடிச்சோம். அவரு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கசப்பா, சந்தோஷமான்னு கேட்டேன். பேசாம குடிடின்னுட்டாரு."

"அப்படின்னா, இன்னொண்ணு..."

"ஆளுக்கு ஒண்ணுன்னு சங்கத்துல சொல்லியிருக்காங்கம்மா. நானும் உறுப்பினர். கம்பெனியே நன்றி சொல்லிக் கடுதாசி போட்டிருக்கு, நீங்க பார்க்கலையா?"

ஃபுமியேவின் காது சிவந்தது. அந்தக் கடிதத்தை எழுதியவரே அவர்தான். விற்பனை தொடங்கிய அன்று சங்கத்தலைவர் உவேமாட்சு தம் உறுப்பினர்களுக்கு அறிக்கை ஒன்று விட்டிருந்தார். ஆளுக்கு ஒரு பாட்டில் மட்டுமே, வாங்கிப் பதுக்கலாகாது, உங்களுக்குப் பின்னால் ஒருவர் ஒன்பது ஆண்டு ஏக்கத்துடன் வந்துகொண்டிருக்கிறார் என்பதை மறவாதீர். உள்ளூர்ப் பத்திரிகை அதைப் பாராட்டி எழுதியது. ஃபுமியேவும் நெகிழ்ந்து, கம்பெனியின் முத்திரையிட்ட தாளில், "தங்கள் கண்ணியத்துக்குத் தலைவணங்குகிறோம்" என்று எழுதி அனுப்பினார். மறுநாளே அதன் படம் சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஏறிவிட்டது. வேண்டுகோளாக இருந்தது அன்றுமுதல் சட்டமாயிற்று.

"உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒண்ணு வாங்கலாமே" என்று இடையில் புகுந்தார் இகுச்சி.

"அதுக்குத்தாம்ப்பா வந்தேன். ஆனா பாரு, ஒண்ணே ஒண்ணு நிக்குது. அதையும் நான் தூக்கிட்டுப் போனா பின்னாடி வர்றவங்க என்னை என்ன நினைப்பாங்க? யாராச்சும் எடுத்திருப்பாங்களான்னு மூணு நாளா வந்து பார்க்கறேன். எடுக்கவே மாட்டேங்கறாங்க."

"நீங்களும் எடுக்கலையே!"

"நான் எப்படி எடுப்பேன்?" என்று அந்த அம்மையார் வியப்புடன் கேட்டுவிட்டுக் கல்லாவை நோக்கிச் சென்றார்.

ஒசாகாப் பக்கத்தில், பந்தியில் தட்டிலே மிஞ்சிவிடும் கடைசித் துண்டுக்குக் கூச்சக் கட்டி என்று பெயர். ஐந்து பேர் கூடி தகோயாகி உருண்டைகளைத் தின்னும்போது ஆறு உருண்டைகள் வந்தால், அந்த ஆறாவது ஆறிக் கல்லாகும்வரை ஐந்து பேரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். கடைக்குக் கடை நின்றுகொண்டிருப்பது அந்தக் கட்டிதான் என்று ஃபுமியேவுக்கு அப்போது விளங்கியது. அதனால் விளையும் தீங்கு இன்னும் விளங்கவில்லை. அதைக் கடையின் மேலாளர் விளக்கினார்.

"அடுத்த பெட்டியா? தட்டுல ஒண்ணு இருக்கேம்மா. இருக்கும்போது எப்படி வரும்? சோதனைச் சரக்குக்குத் தட்டு காலியானாத்தான் மெஷின் அடுத்ததைக் கேக்கும். இருபத்து நாலுல இருபத்து மூணு ரெண்டே நாள்ல போயிடுச்சு. அப்புறம் இந்த ஒண்ணு மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாம உட்கார்ந்திருக்கு."

இரண்டாவது பெட்டியைக் கேட்ட நான்கு கிளைகளும் ரயில் நிலையத்தை ஒட்டியவை. அங்கே வருவோரில் பாதிப் பேர் வெளியூரார். சங்கம் என்றால் என்னவென்றே அறியாமல் கடைசி பாட்டிலை எடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

ஃபுமியே மாசுனோவின் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். சரக்கு எடுக்கும் அதிகாரி மிசொகாமி மிகுந்த மரியாதையுடன் மறுத்தார். பக்கத்துத் தட்டில் பேரிக்காய்ச் சோடாவும் இதே விதியில்தான் சோதனையில் இருக்கிறது, பாதி வழியில் ஒருவருக்கு மட்டும் விதியை மாற்றினால் மற்றவருக்கு அநீதியாகும் என்றார். "அதுவுமில்லாம, இருபத்து மூணு போய் ஒண்ணு நின்னா, தேவையும் சரக்கும் கச்சிதமாப் பொருந்தியிருக்குன்னு அர்த்தம். எங்க கணக்குல இதைவிட அழகே இல்லைங்க" என்று முடித்தார்.

வண்டியில் ஏறியதும் இகுச்சி பணப்பையை எடுத்தார்.

"அக்கா, அறுபது பாட்டில்தானே? நாமளே வாங்கிடுவோம்."

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கோம். கம்பெனிக்காரங்களும் அவங்க குடும்பமும் வாங்கக் கூடாது."

"என் பொண்டாட்டியோட சித்தி குடும்பத்துல சேருவாங்களா? எங்களோட பேசறதே இல்ல."

"சேருவாங்க."

"அவங்ககிட்ட இதைச் சொல்லிடாதீங்க, சந்தோஷப்படுவாங்க" என்று இகுச்சி பணப்பையை உள்ளே வைத்தார்.

மறுநாள் காலை ஃபுமியே உவேமாட்சுவின் சலவைக்கடைக்குத் தனியாகச் சென்றார். கடைக்குள் நீராவி மண்டியிருந்தது. உவேமாட்சுவின் மனைவி நொபுயோ தேய்ப்புப் பலகையின் முன் நின்று சட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தார். விலைப்பட்டியலுக்கு அருகில், கண்ணாடிச் சட்டமிட்டு, ஃபுமியேவின் நன்றிக் கடிதம் மாட்டப்பட்டிருந்தது.

"வாங்க வாங்க, நிஷிவாகி சான்! எங்க ஆளுங்க எப்படி?" என்று உவேமாட்சு எழுந்து நின்று வரவேற்றார். அறுபத்தொரு வயதிலும் அவருக்குக் கோவில் மணியைப் போன்ற குரல். "ஒரு கடையில தள்ளுமுள்ளு உண்டா? ஒருத்தன் பதுக்கினான்னு பேச்சு உண்டா?"

"இல்லைங்க. ரொம்பப் பெருமையா இருக்குங்க" என்றார் ஃபுமியே. சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எங்கள் பொருளை வாங்குங்கள் என்று ஒரு வாடிக்கையாளரிடம் நேருக்கு நேர் கேட்பது குறைகேட்பு அறையின் மரபில் இல்லாத ஒன்று. ஆகவே முதலில் மழையைப் பற்றிச் சொன்னார். பிறகு அலமாரித் தட்டின் உயரத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு கடைகளில் இருக்கும் இயந்திரம் எப்படிக் கணக்கெடுக்கிறது என்று பொதுப்படையாகச் சொன்னார். உவேமாட்சு ஒவ்வொன்றுக்கும் "அப்படிங்களா" என்று வணங்கித் தேநீர் ஊற்றினார். மூன்றாவது கோப்பையும் தீர்ந்தது.

நொபுயோ தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்னங்க, இந்தப் பொண்ணு ஏதோ சொல்ல வந்திருக்கு. சொல்ல விடுங்களேன். விட்டா ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கும்பிட்டே கடையை மூடிடுவீங்க போல."

அதற்குமேல் ஃபுமியேவால் ஒளிக்க முடியவில்லை.

"உவேமாட்சு சான், நீங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்கறதாலதான் பிரிரி போகப் போகுது" என்றார். கடைக்குக் கடை நிற்கும் ஒற்றை பாட்டிலையும், அது நிற்கும்வரை அடுத்த பெட்டி வராது என்பதையும், மீதமிருப்பது பதின்மூன்று நாட்கள் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

உவேமாட்சுவின் முகம் கறுத்தது.

"கண்ணியமா நடந்துக்கிட்டது தப்புங்கறீங்களா?"

"தப்புன்னு சொல்லலைங்க."

"இதோ பாருங்க." அவர் சுவரைச் சுட்டினார். "'தலைவணங்குகிறோம்'னு யாரு எழுதினது?"

"நான்தான்."

"முத்திரை யாரோடது?"

"கம்பெனியோடது."

"கம்பெனியே தலைவணங்கின விஷயத்தை நான் எந்திரிச்சு வேண்டாம்னு சொன்னா, இருபத்தோராயிரம் பேரு என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? கடையில சட்டையைச் சலவைக்குப் போட வருவாங்களா?"

"இவரு சங்கத்துக்கு வந்தவங்க ஒருத்தரும் இதுவரைக்கும் ஒரு சட்டை கூடப் போட்டதில்ல" என்றார் நொபுயோ, பலகையின் பக்கமாகத் திரும்பி.

ஃபுமியே சுவரில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். உவேமாட்சுவின் பேச்சில் நியாயம் இருந்தது. சங்கத்தின் வேண்டுகோளுக்குப் பூட்டுப் போட்டது தம்முடைய கடிதம்தான். அதைத் திறக்க வேண்டுமானால் கம்பெனியின் அனுமதி வேண்டும். அனுமதித் தாள் ஐந்து மேசைகளைக் கடந்து ஐந்து முத்திரைகளைப் பெற்று வருவதற்குள் பதின்மூன்று நாளும் போய்விடும். ஒருமுறை சொன்ன நன்றியை எவரும் திரும்பப் பெற்றதாக அவர் கேள்விப்பட்டதில்லை.

"அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றார்.

"எதை?"

"நன்றியைத் திரும்ப வாங்கிக்கறேன். எழுத்துலயே கொடுத்துடறேன், என் பேர்ல."

உவேமாட்சு மனைவியைப் பார்த்தார். நொபுயோ சலவைச் சீட்டுக் கட்டையும் பேனாவையும் மேசையில் கொண்டுவந்து வைத்தார். ஃபுமியே சீட்டின் பின்புறத்தில், வழக்கமான தெளிந்த கையெழுத்தில், இவ்வாறு எழுதினார்: "இரு வாரங்களுக்கு முன் கசாகிரி பானக் கம்பெனியின் பெயரால் தங்களுக்குத் தெரிவித்த நன்றியை, அதை எழுதியவளாகிய நான் பணிவுடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடைசி பாட்டில் அலமாரியில் நிற்கும்வரை அடுத்த பெட்டி வராது என்பதை அப்போது அறியாதிருந்தேன். அருள்கூர்ந்து தங்கள் கண்ணியத்தைச் சற்றே குறைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்." கைப்பையிலிருந்து தம் சொந்த முத்திரையை எடுத்து அழுத்தினார்.

நொபுயோ எட்டிப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "கண்ணியத்தைக் குறைச்சுக்கோங்கன்னு இவ்வளவு கண்ணியமா உன்னாலதாம்மா கேக்க முடியும்."

உவேமாட்சு சிரிக்கவில்லை. முக்காலியில் ஏறிச் சட்டத்தைத் தாமே கழற்றினார், கண்ணாடியை ஒருமுறை துடைத்தார், கடிதத்தை உருவி இரண்டு கைகளாலும் ஃபுமியேவிடம் தந்தார். பிறகு கைபேசியை எடுத்துச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் அந்தச் சீட்டின் படத்தை ஏற்றினார். அதன்கீழ், ஆளுக்கு ஒன்று என்ற விதி இன்றுடன் நீங்குகிறது, கடைசி பாட்டிலைக் கண்டவர் எடுத்தே தீர வேண்டும் என்று எழுதினார்.

"எழுதிட்டா ஆச்சா?" என்றார் நொபுயோ. "மொத ஆளா எடுக்க யாருக்கு மனசு வரும்? இதையும் படிச்சிட்டு, 'எனக்கு வேணாம், பக்கத்து வீட்டம்மா எடுக்கட்டும்'னு உட்கார்ந்திருப்பாங்க. சங்கத்தலைவர்னு ஒருத்தரு எதுக்கு இருக்காரு?"

"நானா?"

"இல்ல, தேய்ப்புப் பெட்டி போகட்டும்."

மாசுனோவின் கிளை இரண்டு தெரு தள்ளி இருந்தது. உவேமாட்சு கடை அங்கியுடனேயே நடந்தார், நொபுயோவும் பின்னாலேயே வந்தார். ஃபுமியே ஒப்பந்தத்தை மனத்தில் வைத்துத் தோஃபு அடுக்கின் அருகிலேயே நின்றுகொண்டார். குளிர்பானத் தட்டின் முன் ஏற்கனவே இரண்டு பெண்மணிகள் நின்றிருந்தார்கள். இருவரும் பிரிரியைப் பார்ப்பதும் ஒருவரையொருவர் பார்ப்பதுமாக இருந்தார்கள். உவேமாட்சு வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை, யாருமில்லாத பின்பக்கமும் ஒருமுறை வணங்கினார்.

"மன்னிச்சுக்கணும். எடுத்துக்கறேன்" என்று அந்தக் கோவில் மணிக் குரல் கம்ம, கையை நீட்டி எடுத்தார்.

"அப்பாடா!" என்றார் அவர்களில் ஒருவர். "போன புதன்கிழமைலேர்ந்து இது என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சுங்க. இந்தப் பக்கமே வர முடியல."

நொபுயோ அவரைப் படமெடுத்தார். பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, பிடிபட்ட கோழித் திருடனைப் போல உவேமாட்சு விழித்துக்கொண்டிருந்த படம் அது. சங்கத்தின் பக்கத்தில், "தலைவரே எடுத்துவிட்டார்" என்ற ஒரே வரியுடன் அது ஏறியது. மாலைக்குள் பக்கத்து ஊர்களான கிஷிவாதாவிலிருந்தும் இசுமியிலிருந்தும் அதே முகபாவனையுடன் வேறு முகங்கள் வந்து சேரத் தொடங்கின.

வியாழக்கிழமை காலை ஃபுமியேவின் மேசைத் தொலைபேசி அடித்தது. "உங்க சோடா இங்க தட்டுலயே இல்ல! காலியா இருக்கு! என்ன கம்பெனி நடத்தறீங்க?" என்று ஒருவர் கத்தினார். ஃபுமியே எழுந்து நின்று, எதிரில் இல்லாத அவருக்கு வணங்கி, மன்னிப்புக் கேட்டு, அடுத்த பெட்டி மாலையில் வரும் என்றார். வைத்ததும் மறுபடி அடித்தது. நண்பகலுக்குள் பதினேழு பேர் திட்டியிருந்தார்கள்.

"என்னக்கா, திட்டு வாங்கிட்டுச் சிரிக்கறீங்க?" என்று எட்டிப் பார்த்தார் இகுச்சி.

"சிரிக்கலையே" என்றார் ஃபுமியே, குறிப்பேட்டில் பதினெட்டாவது புகாருக்கு எண்ணிட்டபடி.

சலவைச் சீட்டின் படம் அதே வாரத்தில் முதலாளியின் கண்ணிலும் பட்டது. அனுமதியின்றிக் கம்பெனியின் நன்றியைத் திரும்பப் பெற்றதற்கு விளக்க அறிக்கை எழுதித் தருமாறு உத்தரவாயிற்று. ஃபுமியே தலைப்பு, தேதி, நிகழ்ந்தது, காரணம் என்று முறைப்படி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். முதலாளி அதைப் படிக்காமல் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

நான்காவது வாரம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை, மாசுனோவிலிருந்து தாள் வந்தது. முதலாளி ஃபுமியேவை அழைத்து எதிரில் உட்காரவைத்துப் படித்தார். பதின்மூன்று நாட்களில் முப்பத்தெட்டு கிளைகள் மீண்டும் பெட்டி கேட்டிருந்தன. சில கிளைகள் மூன்று முறை கேட்டிருந்தன. மற்றவற்றில் கடைசி பாட்டில் கடைசிவரை நின்றிருந்தது. ஒருமுறைக்கு மேல் கேட்ட இருபத்தொன்பது கிளைகளில் பிரிரிக்கு நிரந்தர இடம், ஏனைய முப்பத்து மூன்றில் இல்லை.

"பிரிரி நிரப்பற இயந்திரம் வாரத்துக்கு ரெண்டு நாள் ஓடினாப் போதும்" என்றார் முதலாளி. "மத்த நாள் டின் காப்பி."

"ஓடுமா, முதலாளி?"

"ஓடும்னுதானே சொல்றேன்."

ஃபுமியே வணங்கினார். தலையை உயர்த்தச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

முதலாளி இழுப்பறையைத் திறந்து விளக்க அறிக்கையை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்போதுதான் படித்தார். இத்தகைய அறிக்கைகளில், இனி இவ்வாறு நேராதிருக்க எடுக்கும் நடவடிக்கை என்று கடைசியில் ஒரு பகுதி உண்டு. அதில் ஃபுமியே, "இனி எவருக்கும் நன்றி எழுதுவதற்கு முன் கடைக்கு நேரில் சென்று அலமாரியைப் பார்ப்பேன்" என்று எழுதியிருந்தார். முதலாளி அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு முத்திரையிட்டார்.

"அந்த முப்பத்து மூணு கடைப் பக்கம் இருக்கறவங்க கேப்பாங்களே. அவங்களுக்கு யாரு பதில் எழுதறது?"

"நான் எழுதறேன்."

"சுருக்கமா எழுதுங்க" என்றார் முதலாளி. "எந்த ரயில்ல ஏறினா எந்தக் கடையில கிடைக்கும்னு மட்டும் எழுதுங்க. போதும்."